புது மொடல் ஜீப்பும் வந்து சேராத கடிதமும்

கடந்த மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பின்னர் அக்குறணையிலிருந்து எனது சாச்சாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். பிளாஸ்டிக் சாமான்களை மொத்தமாக விற்பவர். ஒரு பழைய டொல்பின் வேனை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாகக் குடும்பத்தையும் கடையையும் ஓட்டி வருகிறார்.

"நானா, புதுசா வந்திருக்கிற ஹைபிரிட் ஜீப் ஒன்டு பார்த்து வெச்சிருக்கன். நாளைக்கு அட்வான்ஸ் கட்டப் போறன். நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்த மொடல் வந்து எவ்வளவு நாள்?"

"நாலு மாசம் நானா. எங்கட ஊருல முதலாவதா எடுக்கப் போறது நான்தான்."

கடைசி வசனத்தை அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டபோதுதான் பயம் பிடித்தது. கடை முதலில் பாதியை எடுத்துக் கட்டிவிட்டு, மிகுதியை ஐந்து வருட லீசிங்கில் போடுவது அவருடைய திட்டம். "அட்வான்ஸை ஒரு கிழமை தள்ளிப் போடுங்க" என்று மட்டும் அன்று சொல்லி வைத்தேன்.

நான் மெக்கானிக் அல்ல. முப்பது வருடமாக வாகன உதிரிப்பாகம் விற்பவன். எந்த வாகனம் நல்லது என்று சொல்லும் அறிவு எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எந்த வாகனத்தின் சொந்தக்காரர் கடைக்கு வந்து எந்தப் பொருளைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

எமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தபோது உலகச் சந்தையே மாறிப் போயிருந்தது. முன்னர் நாம் கேள்விப்படாத சீனக் கொம்பனிகள், புதிய ஹைபிரிட்டுகள், பெட்டரியில் மட்டும் ஓடும் ஜீப்புகள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, 18 வீத வற் வரி என்று யாவும் சேர்ந்து ஒரு சாதாரண எஸ்.யு.வி.யின் விலை ஒரு வீட்டின் விலைக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட காலத்தில் புதிதாக அறிமுகமான மொடலை வாங்குபவர் எதைக் கேட்டறிய வேண்டும்? வாசகர்கள் சிலரும் இதைக் கேட்டிருப்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

முதலில் 'ரீகோல்' என்ற சொல். விற்ற வாகனத்தில் பிழை இருப்பதை உற்பத்தியாளர் கண்டறிந்து, அதை மீள அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுப்பதே ரீகோல். ஜப்பானில் இதில் மூன்று படிகள் உள்ளன. பாதுகாப்புச் சட்ட விதிகளுக்குப் பொருந்தாத குறை இருந்தால் அது ரீகோல். விதி மீறல் இல்லை, ஆனாலும் பாதுகாப்பைக் கருதி விட்டுவிட முடியாது என்றால் அது சீர்திருத்த நடவடிக்கை. இரண்டும் இல்லாமல் தரத்தைச் சரிசெய்யக் கொம்பனி செய்வது சேர்விஸ் பிரசாரம். முதலிரண்டையும் கொம்பனி போக்குவரத்து அமைச்சுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். ரீகோல் என்ற பெயரைக் கேட்டதும் "அந்த வாகனம் குப்பை" என்று முடிவு கட்டுவோர் எம்மில் அதிகம். அது சரியல்ல. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தித் தருகிறவன், மூடி மறைப்பவனை விட எவ்வளவோ மேல். உண்மையில் எமக்குரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாகனத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஹொண்டா வெசல் ஜப்பானில் அறிமுகமானது 2013 டிசம்பரில். அடுத்த வருடமே எமது வீதிகளில் அது பெருகத் தொடங்கியது. அழகான தோற்றம், ஹைபிரிட் என்பதால் வரிச் சலுகை, எரிபொருள் சிக்கனம். டாக்டர் முதல் அரிசி வியாபாரி வரை அதைத்தான் கேட்டார்கள். 2014இல் ஜப்பானிலேயே மிக அதிகமாக விற்பனையான எஸ்.யு.வி.யும் அதுதான்.

அதே 2014இல் அந்த வாகனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அறிமுகமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பெப்ரவரியில் முதலாவது ரீகோல். ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர் பொக்ஸை இயக்கும் மென்பொருளில் பிழை. கியர் விழத் தாமதமாகலாம், வாகனம் நகராமலே நின்றுவிடலாம் என்றார்கள். ஃபிட் ஹைபிரிட்டும் வெசல் ஹைபிரிட்டுமாக 81,353 வாகனங்கள். ஜூலையில் அடுத்தது. இம்முறை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருள். வாகனம் எதிர்பாராமல் வேகமெடுக்கக் கூடும் என்பதால் 175,356 வாகனங்கள் அழைக்கப்பட்டன. ஒக்டோபரில் இன்னொன்று, இக்னிஷன் கோயில் உட்பட மின் பகுதிகளில் குறை. வெவ்வேறு மொடல்களாக மொத்தம் 425,825 வாகனங்கள். அதே கியர் பொக்ஸைக் கொண்டு சில மாதம் முந்தி வந்திருந்த ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் அது ஐந்தாவது ரீகோல். ஹொண்டாவின் அன்றைய தலைவர் தகனோபு இத்தோ மூன்று மாதத்துக்குத் தனது சம்பளத்தில் 20 வீதத்தை வெட்டிக்கொண்டார். மற்றப் பணிப்பாளர்களும் குறைத்துக்கொண்டார்கள். தரத்தை மீளப் பரிசோதிப்பதற்காக அடுத்து வரவிருந்த மொடல்களையும் தாமதப்படுத்தினார்கள்.

ஹொண்டா நேற்று முளைத்த கொம்பனி அல்ல. அப்படியிருக்க ஏன் இது நடக்கிறது? எந்தக் கொம்பனியும் புதிய மொடலைச் சில நூறு மாதிரி வாகனங்களில்தான் ஓட்டிப் பரிசோதிக்கும். விற்பனைக்கு வந்த பிறகுதான் பல்லாயிரம் பேர் பல்லாயிரம் விதமாக ஓட்டுகிறார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் புதிது, தொழிலாளிக்கு வேலை புதிது, பாகம் செய்து கொடுக்கும் சிறு கொம்பனிக்கும் அச்சு புதிது. வெளிப்படையாகச் சொன்னால், முதல் வருடம் வாங்குபவர்கள் பணம் கொடுத்துப் பரிசோதனை செய்பவர்கள்.

வேறு கொம்பனிகளும் இதற்கு விலக்கல்ல. டொயோட்டாவின் பெட்டரி எஸ்.யு.வி.யான பிஸெட்4எக்ஸ் 2022 மே மாதம் ஜப்பானில் வெளிவந்தது. ஜூன் முடிவதற்குள் சுமார் 2,700 வாகனங்களை அழைத்து, "ஓட்ட வேண்டாம்" என்று சொன்னார்கள். சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்று விழக்கூடும் என்பதுதான் காரணம். திருத்தும் வழி கண்டுபிடிக்க ஒக்டோபர் வரை சென்றது. ஹுண்டாயின் கோனா பெட்டரி வாகனத்தில் தீப்பிடிக்கும் பிரச்சினைக்கு 2020இல் மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். அது போதாமல் போய், 2021இல் பெட்டரியையே மாற்ற வேண்டி வந்தது. இந்தியாவில் 2022 செப்டம்பரில் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா அடுத்த ஜனவரி முடிவதற்குள் மூன்று ரீகோல்களில் அகப்பட்டது. இரண்டு சீட் பெல்ட் சம்பந்தமானவை, ஒன்று எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. எமது மக்கள் விரும்பும் டொயோட்டா ரைஸின் ஹைபிரிட் வகையைத் தயாரிப்பது டைஹட்சு. பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை அந்தக் கொம்பனியே ஒப்புக்கொண்டதால் 2023 மே மாதம் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னரே மீண்டும் தொடங்கியது.

இனி எமது பிரச்சினைக்கு வருவோம். ஜப்பானில் ரீகோல் வந்தால் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்குக் கடிதம் போகும். அவர் வாகனத்தைக் கொண்டுபோய் விடுவார், அரை நாளில் வேலை முடிந்துவிடும், ஒரு யென் செலவில்லை. ஆனால் அந்த வாகனம் ஏலத்தில் விற்கப்பட்டுக் கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கிவிட்டால்? ஜப்பானியக் கொம்பனிக்குக் காத்தான்குடியில் இருக்கும் உங்கள் விலாசம் தெரியாது. கடிதம் பழைய சொந்தக்காரருக்குப் போகும், அல்லது எங்கும் போகாது. உங்கள் வாசலில் நிற்கும் வாகனத்தில் ஒரு பிழை இருப்பது உலகத்துக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. ரீகோல் வந்த வாகனத்தை விட, ரீகோல் வந்தும் வேலை செய்யப்படாத வாகனத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

இங்குள்ள முகவரிடம் நேரடியாக வாங்கியவருக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. விற்றவரிடம் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆயினும் இரண்டாம் கையாக வாங்கியவர் தனது பெயரை முகவரிடம் பதிந்துகொள்ளாவிட்டால் அவரும் அதே நிலைதான். இதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஆனால் செய்பவர்களைக் காண்பது அரிது.

எமது காலநிலையையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். டக்காட்டா எயார்பேக் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். எயார்பேக்கை விரியச் செய்ய அந்தக் கொம்பனி பாவித்தது அமோனியம் நைத்திரேற்று. உஷ்ணமும் ஈரப்பதனும் வருடக் கணக்கில் சேர்ந்தால் அது பழுதடைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சியது. அமெரிக்காவில் மட்டும் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2014இல் மலேசியாவிலும் மரணம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் எயார்பேக்குகள் மீள அழைக்கப்பட்டன. டக்காட்டா 2017இல் வங்குரோத்தானது. குளிர் நாட்டில் பல வருடம் தாங்கியது ஈர வெப்ப நாட்டில் சீக்கிரம் பழுதானது என்பதே இதில் எமக்குரிய செய்தி. கொழும்பும் மட்டக்களப்பும் எந்தக் காலநிலை என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விடயத்திலும் மக்கள் குழம்புகிறார்கள். ரீகோல் வேறு, நீடித்து உழைப்பது வேறு. ரீகோல் என்பது பெரும்பாலும் உயிர்ப் பாதுகாப்புக்கு. வாகனம் அடிக்கடி செலவு வைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. மீண்டும் வெசலையே பாருங்கள். மென்பொருள் எல்லாம் திருத்தப்பட்ட வாகனத்திலும் கடுகண்ணாவ ஏற்றத்தில், நீண்ட வாகன வரிசையில், நான்கு பேரையும் ஏற்றி ஏசியும் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது கியர் பொக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை எழுந்த கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். காரணம் எளிது. அதிலுள்ளது எண்ணெயில் நனையாத உலர்ந்த கிளட்ச். பெட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டார் வாகனத்தை மெல்ல நகர்த்தும். சார்ஜ் இறங்கியதும் எஞ்சின் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நகர்த்த வேண்டும். தேய்ந்தால் சூடு. தட்டையான வீதியில் வேகமாக ஓடும் ஊருக்கு அது நல்ல கியர் பொக்ஸ்தான். மலைநாட்டு நெரிசலுக்கு அது பொருந்தவில்லை. இதைப் பிழை என்று எந்தச் சட்டமும் சொல்லாது. 2021இல் வந்த அடுத்த தலைமுறை வெசலில் ஹொண்டா அந்தக் கியர் பொக்ஸைக் கைவிட்டு இரண்டு மோட்டார் முறைக்கு மாறிவிட்டது. அதிலிருந்து நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

எனவேதான் புதிய மொடல் என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, எது புதிது என்பதைத்தான். வெளி உடம்பு மட்டும் புதிதாகி, எஞ்சினும் கியர் பொக்ஸும் வேறு மொடல்களில் நான்கைந்து வருடம் ஓடியவை என்றால் பயம் பாதியாகக் குறையும். மூன்றும் ஒன்றாகப் புதிது என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுப்பது நல்லது. அதற்குள் முதல் ரீகோல்கள் வந்துவிடும், கராஜ்காரர்களுக்கும் கை பழகிவிடும். விலையும் சில வேளை இறங்கும்.

வியாபாரிக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. உதாரணத்துக்கு மாதத் தவணை இரண்டு இலட்சம் ரூபா என்று வையுங்கள். ஒரு சிறிய சென்சர் பழுதாகி, இங்கு இருப்பில் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து வரும் வரை வாகனம் இரண்டு மாதம் நிற்கிறது. சென்சர் வொரண்டியில் இலவசம்தான். ஆனால் தவணை நான்கு இலட்சம் போய்விட்டது, வாடகை வாகனச் செலவு வேறு. லீசிங் கொம்பனி உங்கள் வாகனம் ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்பதில்லை. எனது கடையில் இது அடிக்கடி காணும் காட்சி. பழைய மொடல்காரருக்குப் பஞ்சிகாவத்தையில் நான்கு கடை ஏறி இறங்கினால் புதிதோ பழையதோ ஏதாவது கிடைக்கும். புது மொடல்காரர் படத்தைக் காட்டுவார், நாம் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

நான் சாச்சாவின் மகனுக்கு எழுதி அனுப்பிய கேள்விகள் இவை. அந்த மொடலுக்கு இதுவரை எந்த நாட்டிலாவது ரீகோல் வந்திருக்கிறதா, இந்தக் குறிப்பிட்ட வாகனத்துக்கு அந்த வேலை முடிந்துவிட்டதா? இனிமேல் வந்தால் யார், எங்கே, யாருடைய செலவில் செய்வது? மென்பொருளை மாற்றுவதற்கான கொம்பனிக் கருவி உங்களிடம் இருக்கிறதா, அல்லது சாதாரண ஸ்கேன் கருவி மட்டுமா? வொரண்டி உற்பத்தியாளருடையதா, விற்பவர் சொந்தமாகத் தருவதா? முன் பம்பர், ஹெட்லைட், ஹைபிரிட் பெட்டரி ஆகிய மூன்றின் விலையும், இருப்பில் உள்ளனவா என்பதும். பதில்களை வாயால் வாங்காமல் கடிதத் தலைப்பில், கையொப்பத்துடன் வாங்கச் சொன்னேன். நாளை தகராறு வந்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவதென்றாலும் கையில் கடதாசி இருக்க வேண்டும். "அவர் அப்படித்தான் சொன்னார்" என்பது அங்கே எடுபடாது.

ஜப்பானிலிருந்து வந்த வாகனத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. சசி இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழில் பாருங்கள். வெசல் ஹைபிரிட் என்றால் ஆர்.யூ.3 அல்லது ஆர்.யூ.4 என்று தொடங்கும். ஜப்பானியக் கொம்பனிகளின் இணையத்தளங்களில் ரீகோல் தேடும் பகுதி இருக்கிறது. அங்கே அந்த இலக்கத்தை முழுமையாக இட்டால் பொருந்தும் ரீகோல்களைக் காட்டும். எழுத்து ஜப்பான் மொழியில்தான் இருக்கும். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் கொடுத்தால் தொலைபேசியிலேயே மொழிபெயர்த்துத் தந்துவிடுவார்கள். ஏதாவது இருந்தால் அந்தத் தாளை அச்சிட்டுக்கொண்டு முகவரிடம் போங்கள். உங்களுக்கு அவர் விற்காத வாகனம் என்பதால் சில வேலைகளுக்குக் காசு கேட்கலாம். எயார்பேக், பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதென்றால் பேரம் பேசிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

வாகனம் இறக்குமதி செய்து விற்கும் எமது சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏலப் பத்திரத்தை மொழிபெயர்த்துக் காட்டுகிறீர்கள், மைலேஜ் சான்றிதழ் காட்டுகிறீர்கள், நல்லது. அதோடு ரீகோல் தேடிய தாளையும் ஒன்றாக வையுங்கள். தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது எமது வியாபார முறையில் ஆகுமானதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரியக்கூடிய குறையைத் தேடாமலே விடுவதை எதில் சேர்ப்பது என்று உங்கள் மனதையே கேட்டுப் பாருங்கள். சில விற்பனையாளர்களிடம் ரீகோல் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஜப்பானில்தான், இங்க வாற வண்டிக்கு இல்ல" என்று சிரிக்கிறார்கள். அந்த வண்டி ஜப்பானிலிருந்துதானே வந்தது!

சாச்சாவின் மகன் அடுத்த கிழமை மீண்டும் அழைத்தார். கேள்விகளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். விற்பவர் வொரண்டிக்கும் பம்பர் விலைக்கும் உடனே பதில் எழுதித் தந்தாராம். ரீகோல் பற்றிய கேள்விக்குக் கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஹைபிரிட் பெட்டரிக்கு இன்னும் விலையே வரவில்லையாம்.

"அட்வான்ஸ்?" என்று கேட்டேன்.

"பதில் வந்த பொறகு பாப்பம் நானா. டொல்பினுக்கு ரெண்டு டயர் போட்டன்."